குறைந்த செலவில் கையால் செய்யும் வீட்டு அலங்காரம்: எங்கே சொதப்புகிறது, எப்படிச் செய்தால் சரியாக வரும்

பண்டிகை நாட்களுக்கு வீட்டைக் கையாலேயே அலங்கரிக்க ஆசை, செலவு அதிகம் ஆகக் கூடாது, போன தடவை பிள்ளைகளோடு சேர்ந்து செய்ததெல்லாம் பள்ளிக்கூட பிராஜெக்ட் மாதிரி ஆகிவிட்டது, அதிலும் பாதி ரெண்டாம் நாளே சுவரிலிருந்து உரிந்து விழுந்துவிட்டது, எங்கே தப்பு, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாகச் செய்து செய்து பழகிய வேலை இது. தெரிந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கடைக்குப் போய் பத்து நிறத்தில் தாள், பளபளா தூள், ஸ்டிக்கர், ரிப்பன், ஃபோம் ஷீட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறோம், வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் ஒரே சுவரில் ஒட்டுகிறோம். அங்கேதான் கெடுகிறது. பொருள் மலிவாக இருப்பதால் அலங்காரம் மலிவாகத் தெரிவதில்லை, கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைவதால்தான் அப்படித் தெரிகிறது. நான் வைத்திருக்கும் கணக்கு ரொம்பச் சின்னது: வெள்ளையோடு இன்னொரு நிறம், மிஞ்சிப் போனால் இரண்டு. ஒரே வடிவம், ஆனால் நிறைய. சுவரில் ஒரே ஒரு காகித நட்சத்திரம் ஒட்டிப் பாருங்கள், அனாதையாக நிற்கும். அதே நட்சத்திரத்தை வெள்ளையில் இருபத்தைந்து செய்து, ஜன்னலுக்கு முன்னால் ஏற்ற இறக்கமாக நூலில் தொங்கவிட்டால் உள்ளே வருகிறவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். இத்தனைக்கும் செலவு சில வெள்ளைத் தாள்களும் ஒரு நூல்கண்டும்தான்.

அடுத்தது அளவு. மேஜையில் உட்கார்ந்து செய்யும்போது கைக்குள் அடங்குகிற பொருள் அழகாகத்தான் தெரியும். அதைப் பத்தடி தள்ளிச் சுவரில் மாட்டினால் காணாமல் போய்விடும். சுவரில் தனியாக நிற்கப் போகிற எதுவும் குறைந்தது 20 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், சின்னவற்றை மேஜைக்கும் கதவுக் கைப்பிடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு உத்தேசமாகக் கிழித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பிப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலைதான், அதுவே ஒரு மாலை முழுக்க வீணாகாமல் காப்பாற்றியிருக்கிறது.

சரி, என்ன வேண்டும்? வீட்டில் இருக்கிற A4 தாள், நல்ல கூர்மையான ஒரு கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், பேப்பர் கட்டர், வெள்ளைப் பசை, பசைக்குச்சி, ஊசி நூல். பணத்தை எதிலாவது போட வேண்டும் என்றால் கத்தரிக்கோலில் போடுங்கள். மொட்டைக் கத்தரிக்கோல் தாளை வெட்டாது, மென்றுவிடும். ஓரம் பிசிறு பிசிறாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது ‘கையால் செய்தது’ என்று தூரத்திலிருந்தே கத்தும். தாள் வெட்டவென்றே ஒன்றைத் தனியாக ஒதுக்கிவையுங்கள், அதில் டேப் வெட்டாதீர்கள், டேப்பின் பசை அலகில் ஏறிவிட்டால் அப்புறம் தாள் அதில் ஒட்டிக்கொண்டே வரும்.

மடிப்புக்கும் அதே மரியாதை வேண்டும். விரலால் மடித்துவிட்டு விடாதீர்கள், மடித்த கோட்டின் மேல் கரண்டியின் முதுகாலோ நகத்தாலோ ஒரு தடவை அழுத்தி இழுங்கள். கெட்டியான அட்டை என்றால், மடிப்பதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திப் போடுங்கள். அந்தப் பள்ளத்தில் அட்டை தானாக மடியும், வெடிக்காது. தீர்ந்த பேனாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

தாளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை போய்விடும். மெஷினில் தாள் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன, மரத்துக்கு இருக்கிற ரேகை மாதிரி. சாதாரண A4 தாளில் பெரும்பாலும் அது நீளவாக்கில் ஓடும். ஒரு தாளை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள், ஓரளவு நேராகக் கிழியும். குறுக்காகக் கிழித்தால் கோணலாக ஓடிவிடும். நார் ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும், எதிர்த் திசையில் மடித்தால் கெட்டித் தாளில் மடிப்புக் கோடு வெடித்து வெள்ளைப் பிசிறு தெரியும். 80 கிராம் தாளில் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அது) இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 200 கிராம் அட்டைக்குப் போகும்போது கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

பசை ஒட்டியதும் தாள் அலை அலையாக வளைந்துபோவதும் இந்த நாரால்தான். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் பட்டதும் நார்கள் உப்புகின்றன, உப்பும்போது நீளத்தைவிடக் குறுக்கே அதிகமாக விரிகின்றன, காயும்போது ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நிறையப் பசை போட்டால் நன்றாக ஒட்டும் என்பது தவறான எண்ணம். ஒரு துண்டு அட்டையால் மெல்லிசாக, தாளின் நிறம் பசைக்குள்ளிருந்து தெரிகிற அளவுக்கு இழுத்துவிட்டு, ஒட்டியபின் நாலைந்து கனமான புத்தகங்களின் அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். டிஷ்யூ பேப்பர் மாதிரி மெல்லிய தாளுக்குத் தண்ணீர் குறைவான பசைக்குச்சிதான் சரி.

இனி செய்முறைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது காகித விசிறிப் பூ. தாளை முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பாக மடித்து, வட்டமாக விரித்து, நடுவில் ஒட்டுவது. பார்க்கப் பெரிதாக இருக்கும், செலவு கிட்டத்தட்ட இல்லை, தட்டையாக மடக்கி எடுத்துவைத்து அடுத்த வருடமும் மாட்டலாம். ஆனால் செய்து பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘வட்டம் மூடவே மாட்டேன் என்கிறது, இழுத்தால் கிழிகிறது’ என்பார்கள். கையில் குறை இல்லை, கணக்கில்தான். துண்டின் அகலம்தான் வட்டத்தின் ஆரமாக ஆகிறது. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப்போல் 6.28 மடங்கு. அப்படியென்றால் துண்டின் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது ஆறேகால் மடங்குக்கு மேல் இருந்தால்தான் வட்டம் மூடும், அதுவும் மடிப்புகள் முழுதாக விரிந்து தட்டையாகிவிடும். மடிப்புகள் நின்று நிழல் விழ வேண்டும் என்றால் எட்டு மடங்காவது வேண்டும்.

கையில் A4 தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 10.5 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். 10.5 ஆரத்துக்கு 66 செ.மீ. நீளம் வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்தாலே 59 தான் வருகிறது, அதனால்தான் மூடவில்லை! மூன்று துண்டு சேர்த்தால் ஒட்டுக்குப் போக 86 செ.மீ. வரை கிடைக்கும், 21 செ.மீ. விட்டத்தில் அம்சமாக ஒரு பூ வரும். அதாவது மூன்று தாளில் இரண்டு பெரிய பூ. சின்னது வேண்டுமா, தாளை நீளவாக்கில் 5 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள், ஒரு தாளில் நான்கு துண்டு, பூவுக்கு இரண்டு துண்டு, ஒரு தாளிலேயே 10 செ.மீ. பூ இரண்டு கிடைத்துவிடும்.

மடிப்பின் அகலம் பெரிய பூவுக்கு ஒன்றரை செ.மீ., சின்னதுக்கு ஒரு செ.மீ. அல்லது அதற்கும் குறைவாக. பென்சிலால் கோடு போட்டு மடித்தால் கோடு தெரியும், அதனால் முதல் மடிப்பை மட்டும் அளந்து மடித்துவிட்டு அதையே அளவாக வைத்து முன்னும் பின்னுமாகப் போங்கள். துண்டுகளைத் தனித்தனியாக மடித்து முடித்த பிறகு ஒட்டுங்கள், ஒட்டிவிட்டு மடிக்காதீர்கள், ஒட்டு இருக்கும் இடத்தில் மடிப்பு தடித்துப்போகும். ஒரு துண்டின் கடைசி மடிப்பின் மேல் அடுத்த துண்டின் முதல் மடிப்பு அப்படியே உட்கார வேண்டும்.

அப்புறம் வருவதுதான் எல்லோரும் பதறுகிற இடம். வளையமாக ஒட்டி முடித்ததும் அது கிரீடம் மாதிரி நிற்கும். அதன் மேல் ஓரத்தை நாலா பக்கத்திலிருந்தும் இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டே கீழே அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் சட்டென்று தட்டையாக விழுந்துவிடும், ஆனால் கையை எடுத்தால் திரும்பத் துள்ளி எழும். கையை எடுக்காமல் இன்னொருவரைப் பசை போட்ட வட்ட அட்டைத் துண்டை நடுவில் வைக்கச் சொல்லி, அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, டம்ளர் மேல் புத்தகம் ஏற்றிவிடுங்கள். சூட்டுப் பசை துப்பாக்கி இருந்தால் அரை நிமிடம் பிடித்தால் போதும், வெள்ளைப் பசை என்றால் ஒரு மணி நேரம். காய்ந்ததும் திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் ஒரு வட்டம் ஒட்டுங்கள். இந்தப் பின்வட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், சில நாளில் பூ குடை மாதிரி குவிந்துவிடுகிறது.

ஓரத்தில் மாற்றம் வேண்டும் என்றால், மடித்து அடுக்கிய நிலையிலேயே ஒரு முனையைச் சாய்வாக வெட்டுங்கள், விரித்ததும் ஓரம் முழுக்கக் கூர் கூராக வரும். வளைவாக வெட்டினால் இதழ் இதழாக வரும். ஒரு சுவருக்கு மூன்று அளவில் ஏழு அல்லது ஒன்பது பூ, பெரியவை நடுவில், சின்னவை விளிம்பில், சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கொண்டு இருக்கும்படி மாட்டுங்கள். ஒரே அளவில் வரிசையாக மாட்டினால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும்.

அடுத்தது வெட்டுத்தாள் நட்சத்திரம், பனிப்பூ என்றும் சொல்வார்கள். நிஜப் பனித்துகள் ஆறு கை உடையது. அது ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-லேயே ஒரு சிறு நூல் எழுதி யோசித்திருக்கிறார். வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி 1885-இல் தொடங்கி ஐயாயிரத்துக்கு மேல் பனித்துகள்களைப் படம் எடுத்தார். வெட்டப் பழகும்போது அந்தப் படங்களைப் பார்த்தால் மாதிரிக்குப் பஞ்சமே வராது. ஆனால் நாம் வழக்கமாகத் தாளை நாலாக மடித்து, மறுபடி குறுக்கே மடித்து வெட்டுகிறோம், எட்டுக் கை வருகிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஏனோ மேஜை விரிப்பு மாதிரி தோன்றும். ஆறு வேண்டும் என்றால் இப்படி: சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணம் ஆக்குங்கள். நீளமான மடிப்பு ஓரத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளியை மையமாக வைத்து வலது பக்கத்தை ஒரு பங்கு மேலே, இடது பக்கத்தை அதன் மேல் ஒரு பங்கு என்று மூன்றாக மடியுங்கள், மூன்று பங்கும் ஒரே அளவாக, 60 பாகை வரவேண்டும். பிறகு அதை நடுவில் ஒரு தடவை நீளவாக்கில் மடித்தால் கூரான ஒரு ஆப்பு கிடைக்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கிறதைச் சமமாக வெட்டி எறியுங்கள்.

இப்போது கையில் இருப்பது 12 அடுக்கு. 80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், 12 அடுக்கு என்றால் ஒரு மி.மீ.க்கு மேல், வெட்டும்போது அடுக்குகள் நழுவும், உள் அடுக்கும் வெளி அடுக்கும் ஒன்றுபோல வராது. அதனால் இதற்கு மட்டும் மெல்லிய தாள் எடுங்கள், டிஷ்யூ பேப்பரோ பொட்டலம் சுற்றி வந்த மெல்லிய தாளோ. வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாதீர்கள், அது ஒரே இடத்தில் நிற்கட்டும், தாளைத் திருப்புங்கள். இரண்டு மடிப்பு ஓரத்திலும் மாற்றி மாற்றி வெட்டுங்கள், எந்த ஓரத்தையும் முழுதாக வெட்டித் தள்ளிவிடாதீர்கள், உதிர்ந்துவிடும். முதல் முறை செய்கிறவர்கள் பயந்து பயந்து நாலு சின்ன ஓட்டை போட்டு நிறுத்திவிடுவார்கள், விரித்தால் பூச்சி அரித்த தாள் மாதிரி இருக்கும். தைரியமாகப் பாதிக்கு மேல் வெட்டி எடுங்கள். ஓட்டை பெரிதாக, மிச்சம் மெல்லிசாக இருந்தால்தான் ஜன்னல் வெளிச்சத்தில் சரிகை மாதிரி தெரியும். விரித்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டுவிடுங்கள், மடிப்புக் கோடு நன்றாக மங்கிவிடும்.

காகிதச் சங்கிலி உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் கணக்கு மட்டும் சொல்கிறேன். A4 தாளைக் குறுக்காக 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 21 செ.மீ. நீளத்தில் 11 துண்டு வரும், 11 வளையம், ஏறக்குறைய 65 செ.மீ. சங்கிலி. இப்படிக் குறுக்காக வெட்டும்போது தாளின் நாரும் ஒத்துழைக்கிறது, வளையம் கோணாமல் உருண்டையாக நிற்கும். ஒரே நிறத்தில் முழு நீளமும் செய்யுங்கள், நிறம் மாற்றி மாற்றிச் செய்தால்தான் பள்ளிக்கூட ஞாபகம் வருகிறது. பசை காயும் வரை ஒவ்வொரு வளையத்தையும் விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஸ்டேப்ளர் போதும், அது தெரியாதபடி உள்பக்கம் வரட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான இடம், விழுவது. இதில் என் அனுபவம் கசப்பானது, ஒரு வருடம் வாடகை வீட்டில் டபுள் சைட் டேப்பால் நேரடியாகச் சுவரில் ஒட்டி, எடுக்கும்போது பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்து, அதைச் சரிசெய்ய அலங்காரத்துக்கு ஆனதைவிட அதிகம் ஆனது. அதற்குப் பிறகு செய்வது இதுதான். முதலில் சுவரை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். டேப் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசி, அப்புறம் ஈரம். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் ஓதம் ஏறிய சுவரிலும் எந்த டேப்பும் நிற்காது, அங்கே முயற்சியே செய்யாதீர்கள். துடைத்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை, அதாவது பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பை, ஒட்டி அழுத்திவிட்டு, அதன் மேல் டபுள் சைட் டேப் ஒட்டி, அதில் பூவைப் பதியுங்கள். மாஸ்கிங் டேப் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் பெயின்ட்டைப் பிடுங்காது. எடுக்கும்போது உங்கள் பக்கமாக இழுக்காமல், சுவரை ஒட்டியபடியே மடக்கிக்கொண்டு மெதுவாக உரியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் எந்த மூலையிலாவது ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் விட்டு உரித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உண்மையில் சுவரில் ஒட்டுவதையே குறைத்துக்கொள்வது நல்லது. திரைச்சீலைக் கம்பி, படம் மாட்டிய ஆணி, அலமாரியின் மேல் விளிம்பு, ஜன்னல் கம்பி என்று ஏற்கெனவே இருக்கிற பிடிகளைத் தேடுங்கள். இரண்டு பிடிக்கு நடுவில் ஒரு நூல் கட்டிவிட்டால் அதில் இருபது பொருள் தொங்கும், சுவரில் ஒரு டேப்கூட இருக்காது. மீன் பிடிக்கிற நரம்பு இதற்கு மிகவும் நல்லது, கொஞ்ச தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியாது, தொங்குகிற பொருள் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். அதன் முடிச்சு மட்டும் வழுக்கும், இரண்டுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டு மேலே ஒரு சொட்டுப் பசை வையுங்கள்.

தோரணத்தை இறுக்கி நேராகக் கட்டாதீர்கள், கொடியில் துணி காய்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் தொய்வு வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் பலர் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கூடுதலாக விட்டுவிடுகிறார்கள், தலையில் இடிக்கிறது. 3 மீட்டர் இடைவெளிக்கு 3 மீட்டர் 15 செ.மீ. நீளம் இருந்தாலே நடுவில் ஏறக்குறைய 40 செ.மீ. தொங்கும். நம்ப முடியாது, ஒரு தடவை நூலைக் கட்டிப் பாருங்கள். அதனால் நீளத்தை முடிவு செய்வதற்கு முன்னால் வெறும் நூலைக் கட்டி, தொய்வு பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நூலின் நீளத்துக்கு அலங்காரத்தைச் செய்யுங்கள்.

குச்சியில் பொருட்களைத் தொங்கவிட்டு ஆடவிடுகிற மொபைலையும் ஒரு தடவை செய்து பாருங்கள். கீழடுக்கை முதலில் கட்டிச் சமன் செய்துவிட்டு மேலே போக வேண்டும், மேலிருந்து தொடங்கினால் கடைசி வரை சாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு முனையில் இருப்பது மறுமுனையைப்போல் இரண்டு மடங்கு கனம் என்றால், தொங்கும் புள்ளி கனமான பக்கத்துக்கு நெருங்கி, 30 செ.மீ. குச்சியில் அந்த முனையிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் வரும். நூலை இறுக்கி முடியாமல் நகர்த்தும்படி சுற்றிவைத்து, விரலால் நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்த பிறகு ஒரு துளிப் பசை வைத்து நிறுத்துங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. இரவில் வீடு மாறித் தெரிவது காகிதத்தால் பாதி, விளக்கால் பாதி. தீர்ந்துபோன கண்ணாடி ஜாடிகளைச் சேர்த்துவையுங்கள். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரிக்கலாம், பிசுபிசுப்பு போகாவிட்டால் சமையல் எண்ணெயும் சோடா மாவும் சம அளவில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போய்விடும். வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஜாடியின் வெளிப்பக்கம் பிரஷ்ஷால் பூசி, கிழித்த டிஷ்யூ பேப்பர் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். கத்தரித்த துண்டைவிடக் கையால் கிழித்த துண்டு நல்லது, ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். உள்ளே பேட்டரியில் எரிகிற சின்ன எல்இடி சரம் போட்டால் ஜாடி முழுக்க ஒரே சீராக ஒளிரும். தாள் ஒட்டிய எதிலும் நிஜ மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால் வெறும் கண்ணாடி ஜாடி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலோ கல்லுப்போ, திரைச்சீலையும் காகிதமும் எட்டாத இடம், அறையில் ஆள் இருக்கும் நேரம் மட்டும். அதேபோல் பொத்தான் பேட்டரி போடுகிற விளக்கு வாங்கினால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடுவதாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தை அந்த பேட்டரியை விழுங்கினால் உணவுக் குழாயே வெந்துபோகும், விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் அது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறீர்கள் என்றீர்களே, அவர்களுக்கு உப்பு மாவு கொடுங்கள். இரண்டு கப் மைதா, ஒரு கப் பொடி உப்பு, ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் பிசைய வேண்டும். அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் விளிம்பாலோ மூடியாலோ வெட்டி, ஸ்ட்ராவால் மேலே ஒரு துளை போட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு துளை போட்டால் உடையும். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், இல்லாவிட்டால் தட்டில் பரப்பித் தினமும் திருப்பிப் போட்டால் நாலைந்து நாளில் காயும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உப்பிக் குமிழி வரும். இன்னொன்று, உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால் அப்படியே மாட்டினால் மழை நாளில் நசநசவென்று ஆகும். இரண்டு பக்கமும் வார்னிஷோ, அதே வெள்ளைப் பசையோ இரண்டு பூச்சுக் கொடுத்தால் வருடக்கணக்கில் இருக்கும். வீட்டில் நாய் இருந்தால் மாவை அதற்கு எட்டாமல் வையுங்கள், அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

பிள்ளைகள் செய்வதும் பெரியவர்கள் செய்வதும் கலந்துபோவதால்தான் நீங்கள் சொன்ன பிராஜெக்ட் தோற்றம் வருகிறது என்று பலர் அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிறத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள், வடிவத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். கோணல் மாணலாக வெட்டிய முப்பது வெள்ளை மீன்கள் ஒரே நூலில் வரிசையாகத் தொங்கினால் அந்தக் கோணலே அழகு. பிள்ளைக்கு ஒரு ஆயுள் வரை ஞாபகம் இருக்கும்.

இலைகளும் குச்சிகளும் காசே கேட்காத பொருள். உதிர்ந்த இலையைச் செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி, கனம் ஏற்றி, முதல் நாலு நாள் தாளை மாற்றிக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் தட்டையாகக் காயும். தாளை மாற்றாவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று கறுத்துப்போகும். நொறுங்காத இலை வேண்டும் என்றால் ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, பச்சைக் கிளையின் தண்டு நுனியைத் தட்டி நசுக்கி அதில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கிளை கிளிசரினைக் குடித்து, நிறம் மாறி, தோல் மாதிரி மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் உதிராது. நன்றாகக் கிளைத்த ஒரு காய்ந்த கொம்பை ஜாடியில் கல் போட்டு நிறுத்தி, மேலே சொன்ன காகித நட்சத்திரங்களை அதில் தொங்கவிட்டால் மேஜை நிறைந்துவிடும், வேறு எதுவும் தேவையில்லை.

பளபளா தூளைத் தவிர்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் பொடிப் பொடியான பிளாஸ்டிக், அடுத்த பண்டிகை வரை தரையிலும் தலைமுடியிலும் இருக்கும், கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். மின்ன வேண்டும் என்றால் சாக்லேட் சுற்றி வந்த அலுமினியத் தாளை நகத்தால் நீவி எடுத்துவைத்துப் பூவின் நடுவட்டத்துக்கு ஒட்டுங்கள்.

பண்டிகை முடிந்ததும் எடுத்துவைக்கிற விதத்தில்தான் அடுத்த வருடச் செலவு இருக்கிறது. விசிறிப் பூவின் முன்பக்க, பின்பக்க வட்டங்கள் இரண்டையும் கத்தியால் நெம்பி எடுத்து, ஒட்டிய ஒரு மடிப்பையும் பிரித்தால் பூ பழையபடி பட்டையாக மடங்கிவிடும், பத்துப் பூ ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கும். நட்சத்திரங்களைப் பழைய நோட்டுப் பக்கங்களுக்கு நடுவில் வையுங்கள், செய்தித்தாளுக்கு நடுவில் வேண்டாம், அந்தத் தாளில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் மஞ்சளடித்துப் பக்கத்துத் தாளையும் கறையாக்கும். சங்கிலியையும் தோரணத்தையும் ஒரு அட்டைத் துண்டில் சுற்றி, இரண்டு முனையையும் டேப் போட்டு நிறுத்தி, எந்த ஜன்னலுக்கு எத்தனை மீட்டர் என்று அந்த அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.